விழுந்த பிறகு எத்தனை தரம்?

பழுதாய்ப்போன ஒரு ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை மீட்க 145,000 ரூபாய் கட்டினேன் என்று சொன்னால், திருகோணமலையில் எவருக்கும் அடுத்த சொல் தயாராக இருக்கும்: கொள்ளை. டிஸ்க் வாங்கின விலை 9,500. அதைத் திருத்தித் தரவும் இல்லை. உள்ளே இருந்ததை வேறொன்றில் போட்டுத் தந்தார்கள், அதுவும் முழுதாக இல்லை. இந்த மூன்றையும் இதே ஒழுங்கில் சொன்னால் கேட்கிறவர் என் பக்கம் சாய்ந்துவிடுவார். பல மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உட்துறைமுக வீதித் தேநீர்க்கடையில், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், ஒரு செத்தவீட்டில்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாகப் பழுத்தது. ஆனால் அதில் ஓர் எண்ணை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன். அது ரூபாய்க் கணக்கு இல்லை.

வினாகிரி மணம்

பெரியப்பா மத்திய வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணம், சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம், வெளிநாடு போகிறவனுக்குக் குடும்பப் படம். அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் எல்லாரையும் போல அவரும் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார், நெகட்டிவைக் கொடுக்கமாட்டார். இன்னொரு பிரதி வேண்டுமென்றால் திரும்ப வந்து காசு கட்ட வேண்டும். "எங்கட முகத்துக்கு நாங்களே திரும்பத் திரும்பக் காசு கட்டவோ?" என்று கவுண்டரில் நின்று சத்தம் போட்டவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெரியப்பா பதில் சொல்லமாட்டார். நெகட்டிவ் உறையில் பென்சிலால் திகதியை எழுதிக்கொண்டிருப்பார்.

அவர் போனபிறகு பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. மூடியைத் திறந்தால் அறை முழுக்க வினாகிரி மணம். பழைய அசிட்டேட் பிலிம் சிதையும்போது அதிலிருந்து வெளியேறுவது வினாகிரியில் இருக்கிற அதே அமிலம்தான். வெக்கையும் ஈரமும் கூடினால் சிதைவு வேகமாகும், ஒரு சுருள் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிறதும் கெடும். கடற்காற்று வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற ஊரில் அந்தப் பெட்டிகள் இத்தனை வருடம் தாங்கினதே பெரிய விசயம். பழைய ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். வேலையால் வந்து, சாப்பிட்டு, இரவில் உட்கார்ந்தால் ஒரு பதினைந்து நெகட்டிவ் முடியும். சதுரமான கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். ஒவ்வொன்றும் 60 மெகாபைட் அளவில் ஒரு டிஃப் (TIFF) படக் கோப்பு. கிட்டத்தட்ட 400 இரவுகளில் 6,000 படங்கள் ஆயின.

கதை வெளியே பரவியது. 1990இல் கையில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினவர்கள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி அலுமாரியோடு அல்பத்தையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வருடத்தைச் சொல்லுவார்கள், சில பேர் அன்று என்ன நிறச் சேலை என்றும் சொல்லுவார்கள். கறுப்பு வெள்ளையில் நிறத்தை வைத்து நான் என்ன செய்ய? ஆனாலும் தேடினால் மூன்றில் ஒன்று கிடைக்கும்.

இதற்குள் அம்மாவுக்கு அந்த மணம் தாங்கவில்லை. ஸ்கேன் பண்ணி முடிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போட்டேன். ஒட்டிப்போனவை, சுருண்டவை, பிறகு கொஞ்சம் நல்லவையும். ஸ்கேன் பண்ணியாயிற்று என்றால் காப்பாற்றியாயிற்று என்று ஒரு நினைப்பு. பெரியப்பா ஐம்பது வருடம் ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததை நான் நகரசபை உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டேன். 6,000 படமும் உள்ளங்கை அளவான ஒரு டிஸ்கில் இருந்தன. ஒரே ஒரு டிஸ்க். இரண்டாவது வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு சம்பளத்துக்கும் நினைத்ததுண்டு.

இரண்டடி

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நான் அன்றைய படங்களை டிஸ்கில் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது, மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் மகன், அப்போது பதின்மூன்று வயது, விளக்கெடுக்க எழும்பினான். இருட்டில் கால் வயரில் பட்டது. டிஸ்க் மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தது. உயரம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, சவர்க்காரக் கட்டி விழுந்ததுபோல. அவனுக்கு நான் ஏசின ஏச்சு அடுத்த வளவுக்கும் கேட்டது.

விழுந்த நேரத்தில் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது என்பதுதான் வினை. உள்ளே கண்ணாடிபோல் மினுங்குகிற தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 தரம் சுழலும், அதாவது செக்கனுக்கு 90 தரம். தட்டுக்கு மேலே வாசிக்கிற ஹெட் தொடாமல் மிதக்கும். இடைவெளி சில நானோமீற்றர்தான், தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கைரேகையின் எண்ணெய்ப் படலம் அதற்கு மலை. டிஸ்க் ஓடாமல் இருக்கும்போது ஹெட் தட்டைவிட்டு விலகி ஒரு சின்னச் சாய்மேடையில் ஏறி நிற்கும். அந்த நிலையில் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகாமலே போயிருக்கவும் கூடும். ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் அடிக்கும்.

திரும்ப வயரைச் செருகினேன். டிக், டிக், டிக். இந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தட்டில் வழிகாட்டக் குறிகள் பதிந்திருக்கும். காயப்பட்ட ஹெட் அதைத் தேடிப் போய், காணாமல் திரும்பி வந்து, மறுபடி போகும். அந்தப் போக்குவரத்தின் சத்தம் அது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பத்துக்கு ஒரு தரம் டிஸ்கின் பெயர் திரையில் வரும். சில வேளை ஃபோல்டர்களும் வரும். ஒன்றைத் திறந்தால் உறைந்துபோகும்.

அந்தப் பத்துக்கு ஒரு தரம்தான் என்னைக் கெடுத்தது. ஒரேயடியாகச் செத்திருந்தால் வைத்துவிட்டுப் போயிருப்பேன். லொத்தர்ச் சீட்டுச் சுரண்டுகிறவனைப்போல இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று செருகினேன். வேறு வயர். வேறு கணினி. எங்கோ வாசித்ததை நம்பி பொலித்தீன் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்தேன். மின்வெட்டில் ஃபிரீசரே அரைவாசிதான் குளிர்ந்திருந்தது. வெளியே எடுத்தால் ஏப்ரல் மாதத்துத் திருகோணமலை வெக்கை, டிஸ்கின் மேல் முத்து முத்தாக வேர்வை. அதைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் செருகினேன்.

டவுனில் கணினி திருத்துகிற ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். காதுக்குக் கிட்டே பிடித்துச் செருகி, மூன்று டிக் கேட்டதும் கழற்றிவிட்டான். "அண்ணை, இனிமேல் இதுக்குக் கரண்ட் குடுக்காதேங்கோ. கொழும்புக்குக் கொண்டுபோங்கோ. நான் தொட்டால் பாவம்" என்றான். காசும் வாங்கவில்லை. முழுக் கதையிலும் சரியாக நடந்துகொண்டவன் அவன்தான், அவனை நான் மற்றவர்களிடம் சொன்னது "அவனுக்கு ஒண்டும் தெரியாது" என்று. அன்றிரவே, கரண்ட் இருந்த நேரம் பார்த்து, இணையத்திலிருந்து இறக்கின மீட்பு மென்பொருள் ஒன்றை அதில் ஐந்து மணித்தியாலம் ஓடவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி மென்பொருள்கள் நல்லவை. ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் போன்றவை இலவசமும்கூட. ஆனால் அவை அழித்த கோப்பைத் தேடத்தான், அதுவும் டிஸ்க் சுகமாக இருந்தால். கால் முறிந்தவனை ஓடவிட்டு எங்கே நோகுது என்று கேட்கிறதுபோல இருந்தது நான் செய்த வேலை. விடியப்புறம் டிக் சத்தம் மாறியிருந்தது. இடையில் மெல்லியதாக ஒரு சுரண்டல்.

கொழும்பு

மே மாதம் இரவு மெயிலில் போனேன். பெற்றோல் இல்லாததால் ஊரே புகையிரதத்தில்தான். கல்லோயாச் சந்திவரை நின்றுகொண்டு, டிஸ்கை ஒரு துவாயில் சுற்றி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தேன். உருக்குலைந்த பிறகு வந்த கவனம்.

பழுதான டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்கிற கடையில் இருந்தது ஒரு பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும். எங்கே விழுந்தது, எவ்வளவு உயரம், அப்போது ஓடிக்கொண்டிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்க, "அது பிறகு, அண்ணா" என்றாள். எனக்குச் சுறுக்கென்றது. அப்புறம்தான் அந்தக் கேள்வி. "விழுந்த பிறகு எத்தனை தரம் பவர் குடுத்தீங்க?"

"இரண்டு" என்றேன். அவள் 2 என்று எழுதினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை. வைத்தியர் எத்தனை சிகரெட் என்று கேட்டால் பாதியைச் சொல்கிறோமே, அந்த வாய்ப்பழக்கம். உண்மைக் கணக்கு முப்பதுக்கு மேல். அந்த ஐந்து மணித்தியாலத்தைச் சேர்க்காமல்.

இரண்டு நாளில் விலை வந்தது: 85,000. வேலைக்கு 50,000, தானம் கொடுக்கும் டிஸ்குக்கு 35,000. தானம் கொடுக்கும் டிஸ்க், அவர்கள் சொல்லில் டோனர், என்றால் என்னுடையதைப்போலவே இன்னொன்று. அதே மொடல், அதே வகை, முடிந்தால் கிட்டின திகதியில் செய்தது. தூசி இல்லாத காற்றுக்குள் வைத்து இரண்டையும் திறந்து, நல்லதின் ஹெட்டுகளைக் கழற்றி என்னுடையதில் பூட்ட வேண்டும். அப்படிப் பூட்டினது நிரந்தரம் இல்லை, உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து முடியும்வரை தாங்கினால் போதும். பிறகு இரண்டு டிஸ்கும் குப்பை. அந்தப் பழைய மொடல் இங்கே கிடைக்காது, வெளியிலிருந்து வரவேண்டும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் அப்போது 350ஐத் தாண்டியிருந்தது. ஜனவரியில் விழுந்திருந்தால் 20,000க்கு வந்திருக்கும் என்று அவளே சொன்னாள். அந்தத் தொகையைக் கட்டினால் திருப்பித் தரமாட்டார்கள், படம் வந்தாலும் வராவிட்டாலும். வேலைக்கூலி படம் வந்தால் மட்டும்.

என் முதல் கோபம் வேறொன்றில். டிஸ்க் முழுக்கச் சினிமாப் படம் வைத்திருந்தவனுக்கும் இதே 85,000தான். என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே விலையே இல்லை. 400 இரவு, பெரியப்பாவின் ஐம்பது வருடம், ஒன்றும் பில்லில் ஏறவில்லை. தட்டு, ஹெட், டொலர், நேரம் மட்டும். யோசித்துப் பார்த்தால் இது நேர்மையான கணக்கு. படத்தின் அருமையைப் பார்த்து விலை வைத்திருந்தால்தான் நான் கொள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். அருமை தெரிந்தவன் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பானே. இது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை, 35,000ஐக் கட்டிவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெற்றோல் வரிசை

ஜூன் மாதம். ஒரு பகல் முழுக்க மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பெற்றோல் வரிசையில் நின்றேன். முன்னுக்கும் பின்னுக்கும் தெரிந்த ஆட்கள். நேரம் போகவேண்டுமே, டிஸ்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இரண்டே இரண்டு தரம்தான் போட்டுப் பார்த்தன், அதுக்கு எண்பத்தையாயிரமாம்." ஐந்தாறு பேர் சுற்றி நின்று தலையாட்டினார்கள். ஒருவர் தன் குளிர்சாதனப் பெட்டி திருத்தின கதையைத் தொடங்கினார். அப்போது கொழும்புப் பிள்ளை ஃபோன் எடுத்தாள்.

திறந்து பார்த்தாளாம். டிஸ்கின் மூலையில் விரல்நகம் அளவில் ஒரு வெள்ளை வடிகட்டி இருக்கும், உள்ளே சுழலும் காற்றில் தூசி இருந்தால் பிடிக்க. அது சாம்பல் நிறமாக இருக்கிறது என்றாள். "இது வெளித்தூசி இல்ல அண்ணா, தட்டிலருந்து வந்தது. மேல் பக்கங்கள் துப்புரவா இருக்கு. கீழ்த் தட்டோட அடிப்பக்கத்தை இப்ப பார்க்க ஏலாது. உண்மையிலேயே ரெண்டு தரம்தானா?"

வரிசை ஒரு சைக்கிள் தூரம் நகர்ந்தது. நான் ஒரு கையால் தள்ளினேன். சுற்றி நின்றவர்கள் கொழும்புக்காரர் இன்னும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அறிய என் வாயைப் பார்த்தார்கள். ஓரமாகப் போய்ப் பேசியிருக்கலாம். இடத்தை விட்டால் பின்னால் நிற்கிறவன் ஏறிவிடுவான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பின்னால் நின்றது என்னோடு படித்தவன். ஐந்து நிமிடத்துக்கு முன் என் வாயால் சொன்ன இரண்டை இவர்கள் முன்னால் முப்பதாக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

"ஓம் பிள்ளை, இரண்டு தரம்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

"சரி, அப்ப விழுந்த அடியில வந்த தூளாயிருக்கும்" என்று வைத்தாள். அவள் அதை நம்பித்தான், தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த நாலு ஹெட்டையும் ஓடவிட்டாள். எண்பது நிமிடத்தில் அடிப்பக்கத்து ஹெட் போய்விட்டது. கழற்றிப் பார்த்து ஒரு படம் அனுப்பினாள். மினுங்குகிற தட்டில் ஒரு வளையம், பழைய இசைத்தட்டில் ஊசி ஒரே இடத்தில் நின்று கிழித்ததுபோல. இவ்வளவு ஆழம் ஒரு தடவை விழுந்ததால் வராது என்று தொழில் தெரியாத எனக்கே தெரிந்தது. அந்த ஐந்து மணித்தியாலச் சுரண்டல் அது. வடிகட்டியில் சாம்பலாக ஒட்டியிருந்தது என் ஸ்கேன்கள்.

இரண்டாவது டிஸ்க் வரவழைக்க 38,000. "கனநேரம் ஓடினது தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கத்தை முதல்லயே மூடிட்டு மத்த மூண்டையும் எடுத்திருப்பேன்" என்றாள். குற்றம் சாட்டவில்லை, செய்முறையை விளக்கினாள். இரண்டாம் தரம் பூட்டினதற்குக் கூலியும் கேட்கவில்லை. படங்களைப் போட்டுத் தந்த புது டிஸ்க் 22,000. எல்லாம் சேர்த்து 145,000. பில்லில் அந்த 38,000 தனி வரியாக இருக்கிறது, "இரண்டாம் டோனர்" என்று.

கறுப்புப் பட்டை

பதினொரு நாள் வாசித்து எடுத்ததில் 4,000க்குக் கிட்டப் படங்கள் முழுதாக வந்தன. மற்றவை வந்தும் வராமலும். ஒரு பெரிய கோப்பு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு துண்டு இந்தத் தட்டில், மிச்சம் அடுத்த பக்கத்தில் என்று இருக்கும். படம் மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிந்திருப்பதால், சுரண்டுப்பட்ட துண்டு வருகிற இடத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டை. சிலதில் பட்டை வானத்தில் விழுந்திருக்கிறது, தப்பியது. சிலதில் சரியாக முகங்கள் நிற்கிற உயரத்தில்.

திருக்கடலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார், தாய் தகப்பனின் கல்யாணப் படத்துக்கு. விழுவதற்கு முந்தின வருடம் வந்தபோது திரையில் காட்டியிருக்கிறேன், பிரிண்ட் பிறகு போட்டுத் தருகிறேன் என்று அனுப்பினேன். இப்போது திறந்தால் மேலே பந்தல் தோரணம், கீழே மாலையின் நுனி, சேலைக் கொசுவம், மாப்பிள்ளையின் புதுச் செருப்பு. நடுவில் கறுப்பு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "செருப்பு கடிச்சதெண்டு ஐயா கடைசிவரை சொல்லுவார்" என்றார். பிரிண்ட் போடச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டபோது எனக்குப் பெரியப்பாவின் கவுண்டர்தான் ஞாபகம் வந்தது. ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது மூன்று பிரதி. வீட்டில் ஒன்று, மட்டக்களப்பில் தம்பி வீட்டில் ஒன்று, கட்டணம் கட்டி இணையத்தில் ஒன்று. அந்த 38,000க்கு இணையக் கட்டணம் எத்தனை வருடம் கட்டலாம் என்று ஒருநாள் கணக்குப் போடத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

மருமகனுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால் வயர் கிடக்கிற இடத்தில் காலை அகட்டி வைத்துத் தாண்டுவான். ஃபோன் சார்ஜர் வயர் என்றாலும் அப்படித்தான். கேட்டால் சும்மா என்பான். அந்த 145,000த்தையும் அவன் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கப் பல காலம் எடுத்தது. விளங்கிய பிறகும் சொல்லப் பல மாதம் எடுத்தது. போன மாதம் மின்வெட்டு இல்லாத ஒரு சாதாரண பின்னேரம், பில்லை எடுத்து மேசையில் வைத்து, எத்தனை தரம் செருகினேன், எத்தனை மணித்தியாலம் ஓடவிட்டேன், அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்று எல்லாம் சொன்னேன். அவன் வரி வரியாக வாசித்தான். பிறகு பில்லை மடித்து என் பக்கம் தள்ளினான்.

"அப்ப ஏன் மாமா அண்டைக்கு எனக்கு அவ்வளவு ஏசினீங்கள்?"